பாண்டை முறித்ததாகப் பழைய கம்பெனி லீகல் நோட்டீஸ், 4.8 லட்சம் கேட்கிறார்கள்

டிராயிங்போர்டு
நான் டிசைன் இன்ஜினியர். முன்பு இருந்தது ஐம்பது பேர்கூட இல்லாத சின்ன கம்பெனி. சேரும்போது முத்திரைத்தாளில் இரண்டு வருட பாண்ட் வாங்கினார்கள். முன்னாலேயே போனால் 3 லட்சம் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடவே தொகை நிரப்பாத செக் ஒன்றும், டிகிரி ஒரிஜினலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். 14 மாதம் வேலை பார்த்தேன். பிறகு ராஜினாமா கொடுத்து, ஆஃபர் லெட்டரில் இருந்தபடி ஒரு மாத நோட்டீஸ் காலத்தையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

கடைசி மாதச் சம்பளம் வரவில்லை, ரிலீவிங் லெட்டரும் இல்லை. போன வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பாண்ட் தொகை 3 லட்சம், 'பயிற்சிச் செலவு' 1.8 லட்சம், இரண்டையும் 15 நாளில் கட்ட வேண்டுமாம். இரண்டு வருடத்துக்குப் போட்டி கம்பெனியில் சேரக் கூடாதாம். மீறினால் 'சிவில் மற்றும் கிரிமினல் நடவடிக்கை'. நகலைப் புதிய கம்பெனிக்கும் அனுப்புவோம் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் பயமாக இருப்பது அந்தக் கடைசி வரிதான். பயிற்சி என்று அவர்கள் சொல்வது, முதல் மூன்று வாரம் ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய டிராயிங்கைத் திருத்தியது.

சும்மாவந்தவன்
குப்பையில் போடுங்கள் பாஸ். இந்தியாவில் பாண்ட் எதுவும் செல்லாது. எல்லாம் மிரட்டல்.

கேஸ்கட்டு
மேலே சொன்னதைக் கேட்காதீர்கள். பாண்ட் எதுவும் செல்லாது என்பது வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கும் சட்டம். நான் ஒரு வக்கீல் ஆபீஸில் ஜூனியர். பேப்பரைப் பார்க்காமல் சொல்கிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நோட்டீஸ் கோர்ட் உத்தரவு அல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிய கடிதம், அவ்வளவுதான். 15 நாள் என்பதும் அவர்களே வைத்த கெடு. அது தாண்டினால் தானாக எதுவும் நடந்துவிடாது. ஆனால் பதில் போடாமல் விட்டால், நாளைக்கு வழக்கில் 'அன்றைக்கே ஏன் மறுக்கவில்லை?' என்ற கேள்வி வரும். அதனால் பதில் போட்டே ஆக வேண்டும்.

அந்த நோட்டீஸில் நான்கு கோரிக்கைகள் இருக்கின்றன, நான்குக்கும் ஒரே பலம் கிடையாது. போட்டி கம்பெனியில் சேராதே என்பது கிட்டத்தட்ட வெறும் காற்று. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27. வேலையை விட்ட பிறகு ஒருவர் தன் தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஷரத்து செல்லாது. வேலையில் இருக்கும்போது தடை போடலாம், 1967இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வேலை முடிந்த பிறகும் அது தொடராது என்பதை 2006இல் பர்செப்ட் டி'மார்க் வழக்கில் மறுபடி தெளிவாகச் சொன்னது.

பணம் வேறு கதை. பிரிவு 74 படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால் கோர்ட் 'நியாயமான இழப்பீடு' கொடுக்கும், எழுதிய தொகைதான் உச்சவரம்பு. அப்படியானால் 3 லட்சத்துக்கு மேல் தனியாக 1.8 லட்சம் எங்கிருந்து வந்தது? பயிற்சிச் செலவுக்காகத்தானே பாண்டே போட்டீர்கள், ஒரே செலவை எத்தனை முறை கேட்பீர்கள் என்று பதிலில் கேளுங்கள்.

கிரிமினல் மிரட்டலுக்கு, நீங்கள் எதையும் காப்பி செய்து எடுத்து வராதவரை, அடித்தளம் இல்லை. பாண்டை மீறுவது குற்றம் அல்ல, சிவில் தகராறு.

எனக்குக் கவலை தருவது நோட்டீஸ் அல்ல, அந்த செக்தான். அதைப் பற்றி நோட்டீஸில் ஒரு வார்த்தையாவது இருக்கிறதா?

டிராயிங்போர்டு
இல்லை சார், செக் பற்றி எதுவும் இல்லை. பேங்கில் சொல்லி ஸ்டாப் பேமென்ட் போட்டுவிட்டால் முடிந்ததா?

கேஸ்கட்டு
முடியாது. ஸ்டாப் பேமென்ட் போட்ட செக் திரும்பினாலும் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138, அதாவது செக் திரும்பினால் போடும் கிரிமினல் வழக்கு, வரும் என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் அவர்கள் டிமாண்ட் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்து 15 நாளில் பணம் போகவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். *அந்த* 15 நாள் சட்டம் வைத்த கெடு. இப்போது வந்திருக்கும் நோட்டீஸின் 15 நாளோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தொகையை நான் எழுதவில்லையே என்பீர்கள். கையெழுத்து உங்களுடையது என்றால், கொடுக்க வேண்டிய கடனுக்குத்தான் அந்த செக் என்ற அனுமானம் அவர்கள் பக்கம் நிற்கும். வெற்று செக்குக்கும் அது பொருந்தும், 2019இல் பீர் சிங் வழக்கு. இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில். காட்ட முடியும், ஏனென்றால் நஷ்டஈட்டுக் கோரிக்கை கோர்ட் தீர்மானிக்கும் வரை கடன் ஆகாது என்ற வாதம் உங்களுக்கு இருக்கிறது. ஆனால் அதற்குள் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நின்று, ஜாமீன் எடுத்து, வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். போதாததற்கு, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்ல 2018 திருத்தம் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கம்பெனிகள் வெற்று செக் வாங்குவது இதற்காகத்தான். சிவில் தகராறை கிரிமினல் கோர்ட்டுக்கு இழுக்க அது ஒரு கொக்கி.

எனவே பதிலில் செக் எண்ணைப் போட்டு, 'வேலையில் சேரும்போது பாதுகாப்புக்காகத் தேதியும் தொகையும் இல்லாமல் வாங்கப்பட்டது, எந்தக் கடனுக்காகவும் கொடுக்கப்பட்டதல்ல, திருப்பித் தரவும்' என்று எழுதுங்கள். அதே விவரத்தோடு பேங்குக்கும் எழுத்தில் ஸ்டாப் பேமென்ட் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். வழக்கை அது தடுக்காது. ஆனால் அவர்கள் செக்கைப் போடுவதற்கு முன்பே உங்கள் கதை காகிதத்தில் இருக்கும்.

பழையஹெச்ஆர்
நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். இந்த மாதிரி நோட்டீஸ்களை நானே அனுப்பியிருக்கிறேன், அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

வரைவு ஒன்றுதான். பெயர், தேதி, தொகை மட்டும் மாறும். எங்கள் ஆபீஸில் ஒரு நோட்டீஸில் 'அவள்' என்று வர வேண்டிய இடமெல்லாம் 'அவன்' என்று போய்விட்டது, அந்தப் பெண் அதைப் படமெடுத்து எம்.டி.க்கே அனுப்பினார். உங்கள் நோட்டீஸை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் பதவியும் சேர்ந்த தேதியும் சரியாக இருக்கிறதா? பயிற்சியின் பெயர், நடத்தியவர், பில் விவரம் இருக்கிறதா? 'விரிவான பயிற்சி' என்று மொட்டையாக இருந்தால் அவர்களிடம் பில் கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

நோட்டீஸ் போன பத்து பேரில் யார் மேல் வழக்குப் போடலாம் என்று பேச்சு வரும்போது, மேனேஜ்மென்ட் பார்ப்பது கொஞ்சம் விஷயங்களைத்தான். வெளிநாடு அனுப்பி விசா, டிக்கெட், கோர்ஸ் ஃபீஸ் என்று உண்மையில் காசு கட்டினோமா. போகும்போது கிளையண்டைக் கூட்டிக்கொண்டு போனாரா. டீமோடு போனாரா. இவை இல்லாவிட்டால் வழக்கு பெரும்பாலும் போகாது. கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 3 சதவீதம், 4.8 லட்சத்துக்கு 14,400 ரூபாய். அது பெரிதில்லை. வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு வாய்தா ஒரு ஆளை அனுப்புவது, அந்த ஆள் குறுக்கு விசாரணையில் 'பயிற்சிக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்?' என்ற கேள்விக்கு முழிப்பது, இதுதான் கசக்கும்.

பின்னே ஏன் அனுப்புகிறார்கள்? மூன்றில் ஒருவர் பயந்து ஏதாவது கட்டிவிடுவார் என்ற நம்பிக்கை. அதைவிட முக்கியம், உள்ளே இருப்பவர்கள் பார்க்க வேண்டும். உங்களுக்கு வந்த நோட்டீஸ் பாதி உங்கள் பழைய சக ஊழியர்களுக்கு எழுதியது.

லேத்துமுதலாளி
எல்லோரும் கம்பெனியையே வில்லனாக்குகிறீர்கள். நானும் ஒரு சின்ன பட்டறை நடத்துகிறேன். படித்து முடித்து வரும் பையனுக்கு மெஷினைத் தொடவே ஆறு மாதம் ஆகிறது. அதுவரை அவன் கெடுக்கும் மெட்டீரியல் என் கணக்கு. கை தேறியதும் பக்கத்து பட்டறைக்காரன் மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிறான். பாண்ட் இல்லாமல் நான் எதை நம்பிக் கற்றுக்கொடுப்பது? போன ஆள் ஒருவன் என் ஜிக் டிராயிங் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துப் போய்விட்டான். அதற்கும் 'நோட்டீஸ் மிரட்டல்' என்பீர்களா?

கேஸ்கட்டு
டிராயிங்கை எடுத்துப் போனதில் நியாயம் முழுக்க உங்கள் பக்கம், அண்ணாச்சி. அங்கே பாண்டே தேவையில்லை. ரகசியத்தன்மை ஷரத்து, பதிப்புரிமை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 என்று உறுதியான வழிகள் உண்டு. இடைக்காலத் தடை உத்தரவும் கிடைக்கும். டிராயிங்போர்டு தம்பி, நீங்களும் கவனியுங்கள்: பழைய கம்பெனி ஃபைல் ஒன்றுகூட உங்கள் சொந்த மெயிலிலோ டிரைவிலோ இருக்கக் கூடாது என்று சொல்ல வந்தேன், ஆனால் ஏற்கெனவே இருந்தால் இப்போது அவசரப்பட்டு அழிக்காதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு அழிப்பது ஆதாரத்தை அழித்ததாக ஆகும். முதலில் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

பயிற்சி பாண்டுக்கும் உங்களுக்கு வழி இருக்கிறது. தொகையை உண்மைச் செலவோடு பொருத்துங்கள். ஒவ்வொரு மாதமும் குறைந்துகொண்டே வருகிற மாதிரி எழுதுங்கள். கெட்ட மெட்டீரியலுக்கு ரெஜிஸ்டர் வையுங்கள். அப்படி ஒரு பாண்டோடு வந்தால் கோர்ட் காது கொடுத்துக் கேட்கும். 2011இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சிக்பா இந்தியா என்ற கம்பெனிக்குப் பாண்டில் எழுதிய முழுத் தொகை கிடைக்கவில்லை, காட்டிய பயிற்சிச் செலவில் ஒரு பங்குதான் கிடைத்தது. வெற்று செக்கும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் வாங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

லேத்துமுதலாளி
மாதாமாதம் குறைகிற மாதிரி என்பது நல்ல யோசனைதான். ஆடிட்டரிடம் கேட்கிறேன். செக் எல்லாம் நான் வாங்குவதில்லை.

சும்மாவந்தவன்
செலவைக் காட்டாவிட்டால் செல்லாது என்றால் நான் சொன்னதுதானே சரி?

கேஸ்கட்டு
விஜயா வங்கி வழக்கைப் படித்துவிட்டு வாருங்கள். 2025 மே, உச்ச நீதிமன்றம். மூன்று வருடத்துக்கு முன் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஷரத்து. அதிகாரி ஐடிபிஐ வங்கிக்குப் போனார், பணத்தை ஆட்சேபத்தோடு கட்டினார், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அந்த ஷரத்து தொழில் தடையும் அல்ல, பொதுக் கொள்கைக்கு விரோதமும் அல்ல என்று தீர்ப்பு. இதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு நோட்டீஸிலும் இந்த வழக்கின் பெயர் இருக்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்பின் காரணத்தையும் பார்க்க வேண்டும். பொதுத்துறை வங்கி ஒரு ஆளை நினைத்தபோது எடுக்க முடியாது. விளம்பரம், தேர்வு என்று செலவும் காலமும் பிடிக்கும் நடைமுறை. அந்தப் பதவிக்கும் சம்பளத்துக்கும் 2 லட்சம் அநியாயமான தொகை அல்ல என்றார்கள். நாற்பது பேர் கம்பெனி மூன்று வாரம் பக்கத்தில் உட்கார வைத்ததற்கு 3 லட்சம் கேட்பதோடு இதை ஒட்ட வைக்க முடியுமா என்பது வாதத்துக்குரியது. முடியாது என்று நான் வாதாடுவேன், ஜெயிப்பேன் என்று கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்.

தென்றல்82
நான் நர்ஸ். எங்கள் துறையில் ஒரிஜினலைப் பிடித்து வைப்பது சர்வ சாதாரணம். என்னுடையதையும் ஒரு தனியார் மருத்துவமனை தராமல் இழுத்தடித்தது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தேன். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்கவில்லை, வக்கீல் இலவசம். அவர்கள் முகவரியிலிருந்து ஒரு கடிதம் போனதும் மருத்துவமனை அலுவலகத்திலிருந்து போன், 'வந்து வாங்கிக்கொள்ளுங்கள் மேடம்'. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

கேஸ்கட்டு
அருமை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதை அடமானம் போலப் பிடித்து வைக்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டிராயிங்போர்டு, உங்கள் பதிலில் இதற்கு ஒரு தனிப் பத்தி வேண்டும்.

சும்மாவந்தவன்
சரி, நான் வேறு மாதிரி சொல்கிறேன். அவனுக்கு நீங்கள் கொக்கி போடுங்கள். 'பணம் கேட்டால் பிஎஃப் ஏமாற்றியதையும் ஜிஎஸ்டி பில் விளையாட்டையும் எழுதிப் போடுவேன்' என்று ஒரே ஒரு மெசேஜ். அடுத்த நிமிடம் அடங்கிவிடுவான்.

பழையஹெச்ஆர்
அந்த மெசேஜுக்காகத்தான் அவர்கள் காத்திருப்பார்கள். எங்கள் வக்கீலின் முதல் கேள்வியே, 'ஆள் ஏதாவது கோபத்தில் வாட்ஸ்அப் அனுப்பினாரா?' என்பதுதான்.

கேஸ்கட்டு
ஆமாம். உண்மையிலேயே பிஎஃப் கட்டவில்லை என்றால் புகார் கொடுங்கள், அது உங்கள் உரிமை. 'பணம் தா, இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன்' என்று பேரம் பேசினால், மிரட்டிப் பணம் பறித்தல் என்று பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதில் வந்த குற்றவியல் சட்டம்) 308இல் எதிர்ப்புகார் எழுத நீங்களே பேனா எடுத்துக் கொடுக்கிறீர்கள். உங்களுக்குச் சேர வேண்டியதைக் கேளுங்கள், கேட்ட இடத்தில் கிடைக்காவிட்டால் உரிய அதிகாரியிடம் போவேன் என்று சொல்லுங்கள். அது சட்டபூர்வமான எச்சரிக்கை. சம்பந்தமில்லாத விஷயத்தை ஆயுதமாகத் தூக்கக் கூடாது.

சேர வேண்டியது உங்களுக்கும் இருக்கிறதே. கடைசி மாதச் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் அதற்குப் பிறகு விலகியவர் என்றால், ராஜினாமா செய்து வெளியேறியவரின் ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். பழைய ஊதியப் பட்டுவாடா சட்டத்தில் 24,000 ரூபாய் வரம்பு இருந்தது, இதில் அது இல்லை, மேனேஜருக்கும் பொருந்தும். சம்பளத்தில் எதையெதைப் பிடிக்கலாம் என்ற பட்டியல் சட்டத்திலேயே இருக்கிறது, அதில் பாண்ட் தொகை என்று எதுவும் கிடையாது. தொழிலாளர் துறையில் மூன்று வருடத்துக்குள் கோரிக்கை வைக்கலாம், அதிகாரி கோரிக்கையைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு சேர்த்து உத்தரவிட முடியும். எம்.டி.யின் வக்கீலுக்கு இது தெரியும். எம்.டி.க்குத் தெரியாது. பதிலில் எழுதினால் தெரிந்துவிடும்.

பழையஹெச்ஆர்
இன்னொன்று. அந்த 'புதிய கம்பெனிக்கு நகல்' விஷயம். அவர்கள் அனுப்பும் முன் நீங்களே இப்போதைய ஹெச்ஆரிடம் சொல்லிவிடுங்கள், நோட்டீஸையும் உங்கள் பதிலையும் சேர்த்துக் கொடுத்து. நான் இருந்த கம்பெனியிலும் பிற கம்பெனிகளிடமிருந்து இப்படி நகல் வரும். ஆள் முன்னாலேயே சொல்லியிருந்தால் ஃபைலில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். சொல்லாமல் இருந்தால்தான் 'இவர் வேறு எதை மறைத்தார்?' என்று கூப்பிட்டு விசாரிப்போம்.

ரிலீவிங் லெட்டர் இல்லாததற்கு, ராஜினாமா மெயில், அதை ஏற்றுக்கொண்ட பதில், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 போதும் என்று பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பிஎஃபில் விலகிய தேதியை அவர்கள் போடாமல் இழுத்தால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆனதும் போர்ட்டலில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

டிராயிங்போர்டு
எல்லோருக்கும் நன்றி. ஒரு வக்கீலைப் பார்த்து பதில் அனுப்பிவிட்டேன். நீங்கள் சொன்ன செக் பத்தி, சர்டிபிகேட் பத்தி, சம்பளம் மூன்றும் இருக்கிறது. பயிற்சிக்கான பில், நடத்தியவர் பெயர், வருகைப் பதிவேடு இவற்றின் நகலைக் கேட்டிருக்கிறோம். புதிய ஹெச்ஆரிடம் சொன்னேன், 'சரி, மெயில் போட்டு வையுங்கள்' என்று அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பாண்டில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. தகராறு வந்தால் 'நிர்வாக இயக்குநர் நியமிக்கும் தனி நடுவர்' தீர்ப்பார் என்று இருக்கிறது. இது என்ன ஆகும்?

கேஸ்கட்டு
வழக்கில் சம்பந்தப்பட்டவரே தனியாக நடுவரை நியமிப்பது செல்லாது, 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்பு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் ஒருதலைப்பட்ச நியமனத்துக்கு எதிராகவே சொன்னது. ஆனால் நடுவர் நோட்டீஸ் வந்தால் 'செல்லாதே' என்று சும்மா இருக்கக் கூடாது. எழுத்தில் ஆட்சேபணை அனுப்ப வேண்டும். நீங்கள் வராமலே தீர்ப்பு எழுதி, அதை வைத்து நிறைவேற்று மனு போட்ட கதைகள் உண்டு.

டிராயிங்போர்டு
இன்று அவர்கள் வக்கீல் எங்கள் வக்கீலுக்கு போன் செய்தாராம். 4.8 லட்சம் பேச்சே இல்லை. '60,000 கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம், ரிலீவிங் லெட்டரும் தருகிறோம்' என்றாராம். என் கடைசிச் சம்பளமே 38,000. வீட்டில் கட்டிவிட்டு நிம்மதியாக இரு என்கிறார்கள்.

பழையஹெச்ஆர்
4.8 லட்சம் ஒரே போனில் 60,000 ஆனால் அவர்களிடம் பில் இல்லை. உங்கள் சம்பளத்தை அவர்களே வைத்துக்கொண்டு, இரு தரப்பும் எழுதிக்கொடுத்து முடிப்பது என்று கேட்டுப் பாருங்கள். நானாக இருந்தால் மேனேஜ்மென்ட்டிடம் 'வாங்கிக்கொண்டு முடியுங்கள்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

சும்மாவந்தவன்
ஒரு பைசா கொடுக்காதீர்கள். சம்பளத்தை ஏன் விட வேண்டும்?

கேஸ்கட்டு
விடலாமா வேண்டாமா என்பது அவர் பாடு. சட்டப்படி விட வேண்டியதில்லை. ஒரு மாதச் சம்பளத்தைவிட அந்த செக் வீட்டுக்கு வருவது பெரிது என்று அவர் நினைத்தால் அதிலும் தப்பில்லை.

முடிப்பதானால் வரிசை முக்கியம். ஒப்பந்தத்தில் செக் எண் வர வேண்டும். செக், ஒரிஜினல் சர்டிபிகேட், ரிலீவிங் லெட்டர் மூன்றும் கையெழுத்துப் போடும் அதே மேசையில் கைமாற வேண்டும், 'அப்புறம் கூரியரில் அனுப்புகிறோம்' கூடாது. இனி கோரிக்கை இல்லை என்ற ஷரத்து இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். அவர்கள் வரைவில் அது உங்களை மட்டும் கட்டிப் போடும், பார்த்துக்கொள்ளுங்கள். பாண்டை மீறியதாக ஒப்புக்கொள்கிறேன் என்ற வரி எங்கேயும் இருக்கக் கூடாது. பணம் ஏதாவது கொடுத்தால் பேங்க் வழியாக மட்டும்.

டிராயிங்போர்டு
சம்பளத்தை விட்டுக்கொடுத்து முடிக்க ஒத்துக்கொண்டார்கள். வரைவு வந்துவிட்டது. ஆனால் செக் 'தேடியும் கிடைக்கவில்லை' என்கிறார்கள்.

கேஸ்கட்டு
அப்படியானால் கையெழுத்துக்கு அவசரம் வேண்டாம். லெட்டர்ஹெட்டில், செக் எண்ணோடு, 'இது எங்களிடம் இல்லை, கிடைத்தாலும் வங்கியில் போட மாட்டோம், இதன் பேரில் எங்களுக்கு எந்தப் பணமும் வர வேண்டியதில்லை' என்று இயக்குநர் கையெழுத்தும் சீலும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதே வாசகம் ஒப்பந்தத்திலும் வரட்டும். ஸ்டாப் பேமென்ட்டை எடுக்காதீர்கள். அந்தக் கடிதம் கேட்டதும் செக் கிடைத்துவிட்டது என்பார்கள், பாருங்கள்.